கோப்பெனிக் கேப்டன் படத்தில் ஹிட்லர் எங்கே?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது ஒன்று போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. 1956-ல் மேற்கு ஜெர்மனியில் எடுத்த ‘கோப்பெனிக் கேப்டன்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். நகைச்சுவைப் படம் என்று போட்டிருந்ததாம், ஆனால் பாதிக்கு மேல் தொண்டை அடைத்ததுதான் மிச்சம் என்கிறீர்கள். இது நிஜக் கதையா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பவை முதல் இரண்டு. மூன்றாவதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: போர் முடிந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருக்கிறது, ஹிட்லரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கெய்சர் என்று சொல்கிற ஜெர்மன் பேரரசரின் காலத்துக்குப் போய் ஒளிந்துகொண்டார்களே, இது நழுவல்தானே?

நான் சினிமா ஆராய்ச்சியாளன் இல்லை, ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கிறவன். இருபது வருஷத்துக்கு மேலாக, ஓரளவு தேறிய மாணவர்களுக்கு வருஷம் ஒருமுறையாவது இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன். இதற்கு மூலமான கார்ல் சுக்மாயரின் நாடகத்தை வரிவரியாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் வசனம், நாடகம், அந்தக் காலத்து ஜெர்மனி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கேமரா, ஒளியமைப்பு என்று போனால் நானும் உங்களைப் போல டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆள்தான்.

கதை நிஜம், அதுவும் படத்தில் இருப்பதைவிட நம்ப முடியாத நிஜம். 1906 அக்டோபர் 16. வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, வயது 57, அதில் ஏறக்குறைய பாதியைச் சிறையில் கழித்தவர். பழந்துணிக் கடைகளில் தேடிப்பிடித்த உருப்படிகளைச் சேர்த்து பிரஷ்ய ராணுவக் கேப்டன் உடுப்பு ஒன்றைத் தயார் செய்து மாட்டிக்கொண்டார். பெர்லினில் காவல் பணி முடித்து வந்துகொண்டிருந்த சிப்பாய்களை நடுத்தெருவில் நிறுத்தினார், என் பின்னால் வாருங்கள் என்றார். போனார்கள். பத்துப் பேர் சுமாருக்கு, யார் எவர் என்று ஒருவர் கேட்கவில்லை. மோட்டார் வண்டி கிடைக்கவில்லை என்று சொல்லி நகர ரயிலில் கூட்டிக்கொண்டு பெர்லினை ஒட்டிய கோப்பெனிக் என்ற ஊருக்குப் போய், நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்து, மேயரையும் கருவூலப் பொறுப்பாளரையும் கைது செய்து, பணப்பெட்டியைக் கணக்கெடுத்து வாங்கி, அதற்கு ரசீதும் எழுதிக் கொடுத்தார். மேயரைக் காவலோடு பெர்லினுக்கு அனுப்பிவைத்துவிட்டு, மீதி சிப்பாய்களிடம் இன்னும் அரை மணி நேரம் இங்கே காவல் நில்லுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு நிதானமாக ரயில் நிலையத்துக்கு நடந்து போய் ரயில் ஏறிவிட்டார். பத்து நாளில் பிடிபட்டார், டிசம்பர் தொடக்கத்தில் நான்கு வருஷ தண்டனை, ஆனால் 1908 ஆகஸ்டில் கெய்சர் மன்னித்து வெளியே விட்டார். அதற்குள் ஊரே அவரைக் கொண்டாட ஆரம்பித்திருந்தது. மெழுகுச் சிலைக் கண்காட்சியில் அவர் உருவம் வந்துவிட்டது. அப்புறம் லக்ஸம்பர்க்கில் போய்க் குடியேறி 1922-ல் அங்கேயே இறந்தார். இவ்வளவும் ஆவணத்தில் இருப்பவை.

சந்தேகமான இடம் எது என்றால், ஏன் செய்தார் என்பது. எனக்கு வேண்டியது பணமில்லை, ஒரு பாஸ்போர்ட்தான் என்று ஃபோக்ட் சொன்னார். நாடகமும் படமும் அதை அப்படியே நம்புகின்றன. நான் முழுசாக நம்புவதில்லை. போனவர் எடுத்துக்கொண்டு வந்தது பணத்தை. ஆனால் அவர் சொன்ன காரணம் வெறும் கதையும் இல்லை. 1906 பிப்ரவரியில் பதினைந்து வருஷத் தண்டனை முடிந்து வெளியே வந்தவர், விஸ்மார் என்ற ஊரில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒழுங்காகத்தான் இருந்தார். பழைய குற்றவாளி என்று போலீஸ் அவரை அந்த வட்டாரத்தைவிட்டே வெளியேறச் சொன்னது. அக்கா தங்கை உறவு என்று பெர்லின் பக்கம் வந்தார், அங்கிருந்தும் போகச் சொன்னார்கள். ஆக, பாஸ்போர்ட் ஆசை எந்த அளவு உண்மை என்று அவர் மனசுக்குத்தான் வெளிச்சம், ஆனால் அந்த ஆசை வருவதற்கான நிலைமை நூற்றுக்கு நூறு நிஜம். அதேபோல, செய்தியைக் கேட்டு கெய்சர் விழுந்து விழுந்து சிரித்தார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அதை நான் வகுப்பில் கதையாகத்தான் சொல்வேன், மன்னிப்பு கொடுத்ததை மட்டும் வரலாறாகச் சொல்வேன்.

சரி, சிரிப்புக்கு வருவோம். படத்தில் போலீஸ் நிலையத்தில் ஃபோக்ட் நிற்கிற காட்சி நினைவிருக்கும். தங்கும் அனுமதி கேட்கிறார். வேலை இருந்தால்தான் அனுமதி என்கிறார்கள். வேலை கேட்டுப் போனால் அனுமதிச் சீட்டைக் காட்டு என்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நாம் சொல்வோமே, அதே கதை. ஃபோக்ட் இதைக் காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின் என்பார், சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே விழுந்தவன் பொடியாவான். இந்த வசனத்தைக் கேட்டு என் மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டு உடனே அமைதியாகிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு அலுவலகத்தில் ஏதாவது ஒரு சான்றிதழுக்கு அலைந்த அனுபவம் இல்லாதவர் யார்? எனக்கே உண்டு. முகவரிச் சான்று இருந்தால்தான் கணக்கு, கணக்குப் புத்தகம் இருந்தால்தான் முகவரிச் சான்று என்று ஒரு மாதம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடந்திருக்கிறேன்.

ஆனால் நாடகத்தின் உண்மையான நகைச்சுவை ஃபோக்டிடம் இல்லை, அந்தக் கோட்டிடம் இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது இது கண்ணில் படாமல் போகும், எனக்கும் போனது. கதையில் இரண்டு பயணிகள். ஒன்று ஃபோக்ட், இன்னொன்று அந்தக் கேப்டன் உடுப்பு. போட்ஸ்டாமில் வோர்ம்ஸர் என்ற டெய்லர் அதைத் தைக்கிறார், ஷ்லெட்டோ என்ற கேப்டனுக்கு. பின்பக்கப் பொத்தான்களின் இடைவெளி விதிப்படி இல்லை என்று அவர் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே! அதே கேப்டன் ஒருநாள் சாதாரண உடையில் ஒரு காப்பிக் கடைக்குப் போய், குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் சிப்பாயை அடக்கப் பார்க்கிறார். உடுப்பு இல்லாததால் யாரும் மதிப்பதில்லை, அடிதடியாகி, வேலையே போய்விடுகிறது. உடுப்பு டெய்லரிடம் திரும்பி வருகிறது. டெய்லர் அதை ஓபர்முல்லர் என்பவருக்குத் திருத்திக் கொடுக்கிறார். ரிசர்வ் லெப்டினன்டாகப் பதவி கிடைத்த பெருமையில் அவர் அதை வாங்கிக்கொள்கிறார், அதே ஆள் பிற்பாடு கோப்பெனிக் மேயர் ஆகிறார். வருஷங்கள் போகின்றன, மேயருக்குத் தொப்பை போடுகிறது. கெய்சரின் ராணுவப் பயிற்சிக்குக் கிளம்ப வேண்டிய விடியற்காலை, புது உடுப்பு இன்னும் வந்து சேரவில்லை, பழசையே இழுத்து மாட்டிப் பார்க்கிறார், தையல் பிரிகிறது. நல்லவேளை, கடைசி நேரத்தில் புதுசு வந்துவிடுகிறது, பழசைத் தள்ளிவிடுகிறார்கள். அது ஒரு மாறுவேட நடன விருந்துக்குப் போய், கறைபட்டு, கடைசியில் பழந்துணிக் கடையில் தொங்குகிறது. அங்கேதான் ஃபோக்ட் வாங்குகிறார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மேயர் ஓபர்முல்லரைக் கைது செய்ய வருவது அவருடைய சொந்தப் பழைய கோட்டு. அவர் உடம்பில் பிய்ந்த அதே கோட்டின் முன்னால் அவர் விறைப்பாக நிற்கிறார், அடையாளம் தெரியவில்லை. படம் இதை அடிக்கோடிட்டுச் சொல்வதே இல்லை, ஒரு வசனம் கிடையாது, நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். இது நிஜ வரலாற்றில் இல்லை, சுக்மாயரின் கற்பனை, என்னைக் கேட்டால் நாடகத்தின் மூளை இதுதான். ஆளைப் பற்றிய கதையாக இருந்ததை உடுப்பைப் பற்றிய கதையாக மாற்றிவிட்டார்.

அதே கைது காட்சியில் இன்னொன்று இருக்கிறது, சப்டைட்டிலில் அது பாதி செத்துவிடும். படம் முழுக்க ஃபோக்ட் வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவரைக் கேட்கிற கேள்வி, ராணுவத்தில் இருந்தாயா என்பது. செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்கு எடுக்கிறவர் கேட்பதும் செருப்புத் தைக்கத் தெரியுமா என்பதை அல்ல, எந்தப் படையில் சேவை என்பதைத்தான். சிறையில் இருந்தவனுக்கு ஏது படை? தலை குனிந்து வெளியே வருவார். கடைசியில் நகராட்சி மன்றத்தில் மேயர் ஆவேசமாக, வாரன்ட் எங்கே, எந்த அதிகாரத்தில் கைது செய்கிறீர்கள் என்று கேட்கும்போது ஃபோக்ட் திருப்பிக் கேட்பது அதே கேள்வி: ராணுவத்தில் இருந்திருக்கிறீர்களா? இருந்திருக்கிறேன் என்கிறார் மேயர். அப்படியானால் எதிர்ப்பதில் பயன் இல்லை என்று உங்களுக்கே தெரியும், உத்தரவு உத்தரவுதான், புகார் இருந்தால் பிறகு கொடுங்கள் என்கிறார் ஃபோக்ட். வாழ்நாளெல்லாம் தன்மேல் விழுந்த கல்லை எடுத்து அப்படியே திருப்பி எறிகிறார், அதுவும் மரியாதையாக. ஜெர்மன் மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் வரும். மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் ‘சேவை செய்தாயா’ என்றும் இன்னோரிடத்தில் ‘ராணுவத்தில் இருந்தீர்களா’ என்றும் மாற்றிப் போட்டால் முடிந்தது, கதை. அதோடு ஃபோக்ட் பேசுவது பெர்லின் தெருப் பேச்சு. அதை என்னாலேயே காதால் புரிந்துகொள்ள முடியுமே தவிர வாயால் பேச வராது. மேயரும் அதிகாரிகளும் பேசுவது இஸ்திரி போட்ட ஜெர்மன். உடுப்பைப் போட்டதும் ஃபோக்டின் வாயிலிருந்து வாக்கியம் சுருங்கி, வெட்டி வெட்டி, உத்தரவாக வர ஆரம்பிக்கும். ரயில் நிலையக் கழிவறைக்குள் ஒரு கிழவர் மூட்டையோடு போகிறார், கேப்டன் வெளியே வருகிறார். ஆள் மாறவில்லை, பேச்சின் நீளம் மாறியிருக்கிறது.

தொண்டை அடைத்தது என்றீர்கள், அது உங்கள் தப்பு இல்லை, அங்கே அடைக்கத்தான் வேண்டும். நோயில் படுத்திருக்கும் பெண்ணுக்கு ஃபோக்ட் பிரேமன் ஊர் இசைக்காரர்கள் கதையைப் படித்துக் காட்டுவார். சாவைவிட நல்லது எங்கே போனாலும் கிடைக்கும் என்று வயதான கழுதை சொல்கிற கதை அது. அந்தப் பெண்ணின் அடக்கம் முடிந்து வீடு வந்த அன்றே ஃபோக்டுக்கு ஊரைவிட்டுப் போ என்ற தாள் வந்து கிடக்கும். அக்கா வீட்டுக்காரர் ஹோப்ரெஷ்ட், நல்ல மனிதர், சட்டம் என்றால் சட்டம் என்கிற ரகம், அவரிடம் ஃபோக்ட் சொல்வார்: நாளைக்குக் கடவுள் முன்னால் நிற்பேன், உன் வாழ்க்கையை வைத்து என்னடா செய்தாய் என்று கேட்பார், கால்மிதி பின்னினேன் என்றுதான் சொல்ல வேண்டும், சிறையில் அதைத்தான் பின்னினேன், எல்லாரும் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். இது நகைச்சுவைப் படமா என்று கேட்டால், சுக்மாயர் தன் நாடகத்துக்குக் கொடுத்த துணைத்தலைப்பு ‘ஒரு ஜெர்மன் தேவதைக் கதை’ என்பது. தேவதைக் கதையில் அழுகையும் உண்டு, ஏழைக்கு ஒரு மாயச் சட்டை கிடைப்பதும் உண்டு.

இனி ஹிட்லர். முதலில் ஒரு எளிய உண்மை. இதே இயக்குநர் ஹெல்முட் கோய்ட்னர், இதே எழுத்தாளர் சுக்மாயரின் இன்னொரு நாடகத்தை, இதே ஹாம்பர்க் தயாரிப்பு நிறுவனமான ரியால் ஃபிலிமுக்காக முந்தின வருஷம், 1955-ல், படமாக எடுத்திருந்தார். ‘சாத்தானின் தளபதி’. அது முழுக்க முழுக்க ஹிட்லர் காலத்து விமானப்படைத் தளபதி ஒருவனைப் பற்றியது, கூர்ட் யூர்கன்ஸ் நடித்தது, கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸும் நாஜிகளும் அதில் நேருக்கு நேர் வருகிறார்கள். ஆக இந்தக் கூட்டம் ஹிட்லரைத் தொடவே பயந்தது என்று சொல்ல முடியாது. தொட்டுவிட்டுத்தான் 1906-க்குப் போனார்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். ஹிட்லர் இந்தப் படத்தில் கேமராவுக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறார். படக்குழுவின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். சுக்மாயரின் நாடகம் 1931 மார்ச்சில் பெர்லினில் அரங்கேறி பெரிய வெற்றி. 1933-ல் நாஜிகள் வந்ததும் தடை. தாய் வழியில் யூதப் பின்னணி கொண்ட சுக்மாயர் ஆஸ்திரியாவுக்குப் போனார், அங்கிருந்தும் ஓடி, கடைசியில் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பகுதியில் ஆடு கோழி வளர்த்துக் காலம் தள்ளினார். தயாரிப்பாளர் ஜூலா ட்ரெபிச், புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர், நாஜி வதைமுகாம்களில் கிடந்து உயிரோடு வெளியே வந்தவர். வெளியே வந்தவர் ஊருக்குத் திரும்பவில்லை, வட ஜெர்மனியிலேயே தங்கி, வால்டர் கோப்பலோடு சேர்ந்து 1947-ல் இந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். கோப்பலும் நாஜிகள் காலத்தில் சிறைப்பட்டவர். டெய்லர் வோர்ம்ஸராக வருகிற லியோனார்ட் ஷ்டெக்கல் 1933-ல் நாட்டைவிட்டு ஓடி ஜூரிச் நாடக அரங்கில் பிழைத்தவர். வோர்ம்ஸர் நாடகத்தில் ஒரு யூதர், அந்த வேடத்துக்கு வந்தவர் புகலிடத்திலிருந்து திரும்பிய நடிகர். அரங்க வடிவமைப்பு இரண்டு பேர், ஹெர்பர்ட் கிர்ஷ்ஹோஃப், ஆல்ப்ரெஷ்ட் பெக்கர். இதில் பெக்கர், ஓர் ஆண் இன்னோர் ஆணை விரும்பிய குற்றத்துக்காக, அப்படி ஒரு சட்டப்பிரிவு இருந்தது, முப்பதுகளில் நாஜிச் சிறையில் மூன்று வருஷம் இருந்தவர். படத்தில் ஒரு சிறை வருகிறது அல்லவா, கைதிகளை வைத்து சிறை அதிகாரி பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டுகிற அந்த அபத்தமான நீண்ட காட்சி, அந்தச் சுவர்களுக்குத் திட்டம் போட்டவர்களில் ஒருவருக்கு நிஜச் சிறை எப்படி இருக்கும் என்று தெரியும். பேப்பர் சரியில்லாத ஆளை ஒரு தேசம் எப்படி நசுக்கும் என்ற கதையை எடுக்க இவர்களைவிடப் பொருத்தமான கூட்டம் 1956-ல் கிடைத்திருக்காது.

ஆனால் நாயகன் வேறு கரையிலிருந்து வந்தவர், இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஹைன்ஸ் ரூமான் நாஜி காலத்தில் ஜெர்மனியின் செல்லப்பிள்ளை நடிகர். குட்டை உருவம், அப்பாவி முகம், வீட்டில் ஒருவர் போல. 1941-ல் வந்த ஒரு படத்தில் சண்டித்தனம் செய்யும் விமானப் பயிற்சி மாணவனாக வந்து கடைசியில் கட்டுப்பாட்டுக்குள் வந்து நல்ல பிள்ளையாவார், மக்கள் கொண்டாடினார்கள். 1944 ஜனவரியில், பெர்லின்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூடக் குறும்புப் படம் ஒன்று வந்தது, இன்றைக்கும் அங்கே கல்லூரி மாணவர்கள் வருஷாவருஷம் கூட்டமாகப் பார்க்கும் படம் அது. அவருடைய முதல் மனைவி யூதர், 1938-ல் விவாகரத்து ஆனது, அந்தப் பெண் ஸ்டாக்ஹோமுக்குப் போய் உயிர் பிழைத்தார். அவரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது என்பாரும் உண்டு, தொழிலுக்காகக் கைகழுவியது என்பாரும் உண்டு. நான் இதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. போர் முடிந்ததும் ரூமான் சொந்தமாக ஒரு படக் கம்பெனி ஆரம்பித்தார், 1948-ல் வந்த ‘பெர்லின் பாடல்’ என்ற நல்ல இடிபாட்டுக் காலக் கிண்டல் படம் அந்தக் கம்பெனியுடையது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது கவிழ்ந்து கடனில் மூழ்கினார். ஆக 1956-ல் ஃபோக்டாக வந்து நிற்கும்போது அவர் பழைய செல்வாக்கில் மிதந்துகொண்டிருந்த நட்சத்திரம் இல்லை, 54 வயது, விழுந்து எழுந்துகொண்டிருந்த ஆள். அந்தக் களைப்பு முகத்தில் இருக்கிறது. அது நடிப்பா நிஜமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முகாமிலிருந்து வந்தவர் பணம் போட, ஓடிப்போனவர் எழுத, இருந்து சம்பாதித்தவர் நடிக்க, மூன்று பேரும் ஒரே படத்தில். ஐம்பதுகளின் மேற்கு ஜெர்மனியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வேறு உதாரணம் கிடைத்ததில்லை.

எந்த வருஷம் வந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. 1955 நவம்பரில்தான் மேற்கு ஜெர்மனி புதிய ராணுவத்துக்கு முதல் 101 பேரைச் சேர்த்தது. போன தடவை உடுப்பு போட்டு என்ன ஆனது என்று எல்லா வீட்டிலும் ஒரு புகைப்படம் தொங்கிக்கொண்டிருந்த காலம், ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்பது அன்றைய இளைஞர்களின் கோஷம். 1956 ஜூலையில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறுகிறது. ஆகஸ்டில் இந்தப் படம் திரைக்கு வருகிறது. திரையில் ஒருவர் வேலை கேட்கப் போகும்போதெல்லாம் ராணுவத்தில் இருந்தாயா என்ற கேள்வி. அரங்கில் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு அது 1906-ஆகவா கேட்டிருக்கும்? கோப்பெனிக் அப்போது கிழக்கு பெர்லினில், சோவியத் பகுதியில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மன் படக்குழு தன் படத்தை முக்கியமாக ஹாம்பர்க்கில்தான் எடுத்தது, வாண்ட்ஸ்பெக் பகுதியில் இருந்த தன் ஸ்டுடியோவில். ஊர் பெயரைத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள், ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிழக்கு ஜெர்மனியில் 1951-லேயே வோல்ஃப்காங் ஷ்டவுட்டெ என்ற இயக்குநர் இதே கெய்சர் காலத்தை வைத்து ‘அடிமைக் குடிமகன்’ என்ற படத்தை எடுத்தார், ஹைன்ரிஷ் மான் நாவலிலிருந்து. மேலே இருப்பவனின் காலை நக்கி, கீழே இருப்பவனை உதைக்கிற ஒருவனின் கதை, கடைசியில் நேராக 1945-ன் இடிபாடுகளில் வந்து முடியும். இங்கிருந்துதான் அங்கே போனோம் என்று விரல் நீட்டிச் சொல்லும் படம். மேற்கு ஜெர்மனி அதை 1957 வரை திரையிட விடவில்லை, விட்டபோதும் வெட்டித்தான் விட்டது. கோய்ட்னர் படம் அப்படி விரல் நீட்டுவதில்லை. வண்ணப்படம், பளபளக்கும் தலைக்கவசங்கள், மேளதாளம், மீசை முறுக்கிய அதிகாரிகள், எல்லாம் பார்க்க அழகாகவே இருக்கின்றன. அழகாக இருக்கக் கூடாத இடத்தில் அழகு இருப்பதுதான் இந்தப் படத்தில் எனக்கு உள்ள குறை. ரூமானைப் பார்த்து உருகுகிற ரசிகர், மேயரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், பாவம் அந்தக் கிழவர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நிறையப் பேர் அப்படித்தான் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் அந்த வருஷத்தின் மாபெரும் வசூல் படங்களில் ஒன்றாக ஆகியிருக்காது. உத்தரவு உத்தரவுதான் என்ற அந்த வசனத்துக்கு அரங்கே சிரித்தது என்று படிக்கும்போதெல்லாம், சில வருஷங்களுக்கு முன்னால் நீதிமன்றங்களில் அதே வசனத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றும்.

அதனால் என் பதில்: நழுவல் உண்டு, ஆனால் அது எடுத்தவர்களிடம் குறைவு, பார்த்தவர்களிடம் அதிகம். அடுத்த வருஷம் ஆஸ்கரில் வெளிநாட்டு மொழிப் படங்களுக்கு முதன்முறையாகப் போட்டி வைத்தார்கள், அதில் மேற்கு ஜெர்மனி சார்பில் போன படம் இது. விருது இத்தாலியின் ஃபெல்லினி படத்துக்குப் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், நேரம் இல்லையென்றால், மேயர் வீட்டில் தையல் பிரிகிற காட்சியையும் கைது காட்சியையும் மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், சப்டைட்டில் இல்லாமல்கூட. நேரம் இருந்தால் ஷ்டவுட்டெ மேற்கே வந்து 1959-ல் எடுத்த ‘அரசு வக்கீலுக்கு ரோஜாக்கள்’ படத்தைத் தேடுங்கள். அதுவும் நகைச்சுவைதான், ஆனால் நீங்கள் கேட்ட ஹிட்லர் காலம் அதில் நேராகவே வருகிறது: போரின் கடைசியில் சாக்லேட் திருடியதாகச் சொல்லி ஒரு சிப்பாய்க்கு மரண தண்டனை கேட்ட ராணுவ வக்கீல், பிறகு குடியரசில் மதிப்பான அரசு வக்கீலாக உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சிப்பாய் உயிரோடு எதிரே வந்து நிற்கிறான். சிப்பாயாக வருகிறவர் வால்டர் கில்லர், இங்கே டெய்லரின் மகனாகப் பார்த்திருப்பீர்கள். வக்கீலாக வருகிறவர் மார்ட்டின் ஹெல்ட், இங்கே பழைய கோட்டுக்குள் நுழைய முடியாமல் திணறிய அதே மேயர்.